நாலாம் ஆள்

விளக்கணைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. மெதுவாகத்தான் சொல்ல முடியும். பக்கத்துக் கட்டிலில் ஹாகன் படுத்திருக்கிறான். தூங்குகிறானா என்று தெரியவில்லை. அவனுக்கு அடுத்த கட்டிலில் ராஃபர்ட்டி குறட்டை விடுகிறான். நான் புரண்டு புரண்டு படுக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. பட்டாளத்தில் சேரும்போது கூட்டிச் சொன்னேன். இந்த அரிசோனாக் காட்டுக்கு வந்ததே என் அண்ணன் வைலி இங்கே குதிரைப்படையில் இருந்தான் என்பதால்தான். இப்போது அவன் இல்லை. அவனைக் கொன்றவன் எங்கள் முதல் சார்ஜென்ட் கிரேகல். "வைலி டவுடியைச் சுட்டது நான்தான்" என்று அவன் தன் வாயால், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். ஏப்ரலிலிருந்து நான் சாப்பிட்டதும் தூங்கினதும் அந்த ஒரு ஆசைக்காகத்தான்.

இன்று மத்தியானம் சொல்லிவிட்டான். நான் சொல்ல வைத்தேன். ஆனால் அது போதவில்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

முதலில் அண்ணன் செத்ததைச் சொல்கிறேன்.

குளிர் முடியும் சமயத்தில் எங்களுக்குப் புது பிஸ்டல்கள் வந்தன. பெட்டியைத் திறந்தால் மெழுகு மாதிரி கெட்டியாக எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்துத் துடைத்து எல்லோர் கையும் வெந்துபோனது. பழைய ரிவால்வர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இளவட்டங்களுக்கு ஒரே கும்மாளம். பழைய ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. கியூபா, மணிலாச் சண்டையெல்லாம் பார்த்துவிட்டு வந்த கிரேகலுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இது துப்பாக்கி இல்லடா, தையல் மிஷின். பொண்டாட்டிக்கு அனுப்பி வைங்க, பாவாடை தைக்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும், குண்டை அடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துத்தான் அவன் சுடுவான். சுட்டதும் சுத்தியல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு கை எப்படித் தொங்கினாலும் பயமில்லை. புது பிஸ்டல் அப்படியில்லை. ஒருமுறை சுட்டால் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும், தானே சுத்தியலை இழுத்து வைத்துக்கொள்ளும், விரல் பட்டால் போதும் என்று காத்திருக்கும். தரையில் நிற்பவனுக்கு இது சுகம். ஓடுகிற குதிரையின் மேல் இருப்பவனுக்கு எமன். குதிரை ஒரு எலிவளையில் காலை வைத்து மடங்கினால் உன் கை தானாக இறுகும். எங்கள் படைப்பிரிவான ட்ரூப்பிலேயே ஒருத்தன் அப்படித் தன் குதிரையின் பிடரியிலேயே சுட்டுவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்காகத்தான், சுட்டு முடித்ததும் குழல் வானத்தைப் பார்க்க வேண்டும், கையை இறக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவை எங்களுக்குத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் கொடுத்ததும் கிரேகல்தான். அவன் கை மட்டும் பழையபடி இறங்கும். இருபது வருஷப் பழக்கம்.

அன்றைக்குக் குதிரையில் ஓடிக்கொண்டே குறி சுடும் பயிற்சி. நான் குறிப்பலகைகளுக்குப் பின்னால் பள்ளத்தில், ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலையில் இருந்தேன். அண்ணன் ஓடி வந்தான். அவனுக்கு வலப்புறம், அரைக்குதிரை பின்னால், வேகம் பார்த்துக்கொண்டு கிரேகல். அவனும் சுட்டுக்கொண்டே வந்தான். அண்ணன் சுட்ட எல்லாக் குண்டும் பலகையில் விழுந்தன. பிஸ்டல் காலியானால் அதன் மேல் இரும்பு பின்னுக்குப் போய் அப்படியே திறந்து நின்றுவிடும். அண்ணன் அதைத் தலைக்கு மேல் தூக்கி எனக்குக் காட்டினான். திறந்திருந்த இடைவெளியில் வெயில் தெரிந்தது. பல்லைக் காட்டிச் சிரித்தான்.

அப்போது இன்னொரு வெடிச்சத்தம் கேட்டது.

கிரேகலின் குதிரை டார்பி முன்னங்காலை மடக்கி எழுந்ததையும் பார்த்தேன். அண்ணன் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். நான் பள்ளத்திலிருந்து ஏறி ஓடினேன். எனக்கு முன்னால் கிரேகல் குதித்து இறங்கிவிட்டான். அண்ணனின் கால்சட்டை முழுக்க ரத்தம். அவன் பிஸ்டல் தோளில் மாட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் திறந்தபடி. கிரேகல் ரத்தத்தை அமுக்கவில்லை. முதலில் அந்த பிஸ்டலைத்தான் எடுத்தான். காலி மேகசினை உருவினான். தன் இடுப்புப்பையிலிருந்து குண்டு நிறைந்த ஒன்றை எடுத்து, மேலே இருந்த ஒரு குண்டை மட்டும் நெட்டித் தள்ளிவிட்டுச் சொருகினான். கட்டைவிரலால் ஒரு அமுக்கு. டக்கென்று மேல் இரும்பு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் தொடையைத் தொட்டான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"ஓடுடா! டாக்டரைக் கூப்பிடு! நின்னு என்னடா பாக்குறே?"

ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணன் வெளுத்துப்போயிருந்தான். என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் உயிர் போய்விட்டது.

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஒரு குண்டு மட்டும் குறைந்த பிஸ்டல், தூக்கி நின்ற சுத்தியல். உத்தரவில்லாமல் மறுபடி குண்டு போட்டான், உறையில் வைக்கும்போது தானே சுட்டுக்கொண்டான், கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதிப் போட்டார்கள். பள்ளத்தில் காகிதம் ஒட்டினவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அடக்கத்தன்று அண்ணனின் குதிரையில் வெறும் சேணத்தைப் போட்டு, அவன் பூட்ஸை அங்கவடியில் பின்பக்கம் திருப்பி மாட்டி நடத்திக்கொண்டு போனார்கள், செத்த குதிரைவீரனுக்குச் செய்யும் மரியாதை. லகானைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் கிரேகல். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. மீசைக்கு மெழுகு போட்டிருந்தான்.

நீ ஏன் கேப்டனிடம் போய்ச் சொல்லவில்லை என்று யாராவது கேட்கலாம். இங்கே சிப்பாய் கேப்டனிடம் நேராகப் போக முடியாது. முதல் சார்ஜென்டிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். அவன் விட்டால்தான் கதவு. எங்கள் முதல் சார்ஜென்ட் கிரேகல்.

இருந்தும் போனேன். அவன் மேஜை முன் விறைத்து நின்றேன்.

"கேப்டன்கிட்டப் பேச அனுமதி வேணும் சார்ஜென்ட்."

"எதைப் பத்தி?"

"சொந்த விஷயம்ங்க."

"அம்மா இல்லாத இடத்துல உனக்கு என்னடா சொந்த விஷயம்? நான்தான் உனக்கு அப்பன், ஆத்தா, பாதிரியார் எல்லாம். என்கிட்டச் சொல்லு."

அவன் எழுந்து வந்து என் மேல் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டான். அவ்வளவு பிரியமாக.

"பால்குடி, கேளு. அண்ணன் போயிட்டான். நல்ல பையன். நீயும் நல்ல பையனா இருந்துக்கோ. நாளையிலிருந்து டார்பிக்கு நீதான் சேணம் கட்டணும்."

அப்படித்தான் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். தினமும் காலையில் அவன் குதிரைக்குப் போர்வை மடித்துப் போட்டு, சேணம் ஏற்றி, வயிற்றுப்பட்டையை இறுக்கினேன். அந்தப் பட்டையைப் பாதி அறுத்து வைக்க ஒரு நிமிஷம் போதும். கத்தியும் என்னிடம் இருந்தது. எத்தனையோ காலை அந்தத் தோலைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் கழுத்து முறிந்து செத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? சொல்லாமல் செத்துவிடுவான். எனக்கு அவன் வாய் வேண்டும்.

இன்றைக்கு வருகிறேன்.

எல்லை தாண்டித் துப்பாக்கி கடத்துகிறவர்களின் கோவேறு கழுதைத் தடம் தென்பட்டதாகத் தகவல். பாதி ட்ரூப் ரயில் பாலம் காக்கப் போயிருந்ததால் ஆள் பஞ்சம். கிரேகல் தானே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். நான், அயர்லாந்துக்காரன் ராஃபர்ட்டி, நார்வேக்காரன் ஹாகன். புறப்படும்போது வழக்கம்போல எண்ணிக்கை சொல்ல வேண்டும். கிரேகல் ஒண்ணு. ராஃபர்ட்டி ரெண்டு. ஹாகன் மூணு. எனக்கு நாலு.

"பால்குடிக்கு ஏத்த நம்பர்" என்றான் கிரேகல்.

"அதிர்ஷ்டக்காரன் சார்ஜென்ட்" என்றான் ராஃபர்ட்டி. "நாலாவதா நிக்கிறவன்தான் கல்யாணம் வரைக்கும் உயிரோட இருக்கான். நான் பதினஞ்சு வருஷமா ரெண்டுலயே நிக்கிறேன், எவளும் என்னைக் கட்டல."

ஹாகன் தன் குதிரையின் வயிற்றுப்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பேசுகிறவன் இல்லை.

குதிரைப்படை சண்டை போடுவது குதிரை மேலிருந்து என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். வாளெல்லாம் சேணத்தில் சும்மா தொங்கும். துப்பாக்கிச் சண்டை என்றால் இறங்கித்தான் போட வேண்டும். முதல் மூன்று பேர் ரைஃபிளை உருவிக்கொண்டு இறங்கி ஓடுவார்கள். நாலாம் ஆள் இறங்க மாட்டான். மூன்று குதிரைகளையும் இணைப்பு வாரால் ஒன்றோடொன்று கோத்து, கடைசி லகானைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, குண்டு படாத இடத்தில் காத்திருப்பான். முன்னால் போனவர்களின் தண்ணீர்க்குடுவை, மிச்சத் தோட்டா, வீடு திரும்புகிற வழி எல்லாம் அந்தச் சேணங்களில்தான் இருக்கும். அவர்கள் "குதிரை!" என்று கத்தினால் நாலாம் ஆள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுதான் அவன் வேலை. அதை மட்டும் எவனும் தவறமாட்டான். தவறினவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

மத்தியான வெயிலில் ஒரு காய்ந்த ஓடைக்குள் தடம் இறங்கியது. நாங்களும் இறங்கினோம். மேலே பாறைகளிலிருந்து சுட ஆரம்பித்தார்கள்.

"இறங்கு!"

மூன்று பேரும் குதித்தார்கள். கிரேகல் டார்பியின் லகானை என் பக்கம் வீசினான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ராஃபர்ட்டியும் ஹாகனும் வாரைக் கோத்துவிட்டு ஓடினார்கள். நான் நாலு குதிரைகளோடு ஓடையின் வளைவுக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் மூன்று பேரும் ஒரு மண்மேட்டில் படுத்துச் சுடுவது தெரிந்தது. குதிரைகள் காதை மடக்கி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தன. டார்பி மட்டும் அசையாமல் நின்று என் முழங்காலில் மூக்கைத் தேய்த்தது. தினமும் நான் தீனி போடுகிற குதிரை.

ரொம்ப நேரம் ஆகவில்லை. மேலே இருந்தவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்துவிட்டது. "குதிரைக்குப் போங்கடா!" என்று கிரேகல் கத்தினான். முதலில் ஹாகன் ஓடி வந்தான். பின்னால் ராஃபர்ட்டி. நான் முன்னால் போய் நின்று, வாரை அவிழ்த்து, அவர்கள் குதிரைகளைக் கொடுத்தேன். ஏறிவிட்டார்கள். கிரேகல் கடைசி. எழுந்து நாலு எட்டு வைத்ததும் விழுந்தான். மறுபடி எழுந்தான். தொடையில் பட்டிருந்தது. வலது தொடை. ரைஃபிளை ஊன்றி நொண்டிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்தான்.

நான் இதைத் திட்டம் போடவில்லை. நம்பினால் நம்பு. அந்தத் தொடையில் ரத்தத்தைப் பார்த்தவுடன் என் கை தானாக டார்பியின் லகானைச் சுருட்டிப் பிடித்தது.

"கொண்டாடா குதிரையை!"

நான் அசையவில்லை.

"காது செத்துப்போச்சா? கொண்டா!"

"வைலியைச் சுட்டது யாரு சார்ஜென்ட்?"

அவன் நின்றுவிட்டான். குண்டு ஒன்று அவன் காலடியில் மண்ணைக் கிளப்பியது.

"அடப்பாவி!" என்று கத்தினான் ராஃபர்ட்டி. "இதுவாடா நேரம்? குதிரையைக் குடுத்துத் தொலை! சண்டையைக் கேம்ப்புல போய் வெச்சுக்கோ!" அவன் டார்பியைப் பிடிக்க வந்தான். ஹாகன் தன் குதிரையை நடுவில் விட்டு, ராஃபர்ட்டி குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான்.

"இரு. அவன் கேக்கட்டும்."

"நீயும் பைத்தியமா?"

"கேக்கட்டும்னேன்."

கிரேகல் பிஸ்டலை உருவி என் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். அவ்வளவு நேரம் பயம் எனக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"எண்ண மாட்டேன், சுட்டுருவேன்."

"சுடு. நான் விழுந்தா டார்பி நேரா லாயத்துக்குப் போயிரும். அதுக்கப்புறம் நீ நடந்தே வா."

அவனை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் அது உறைத்தது. முகம் மாறியது. எவ்வளவு கோபம் இருந்தாலும் லகான் பிடித்திருக்கிறவனைச் சுட முடியாது. குதிரைப்படைக்காரன் யாருக்கும் அது தெரியும். பிஸ்டல் மெல்லத் தாழ்ந்தது.

"உங்கண்ணன் அவனாவே..."

நான் டார்பியை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். அவன் நல்ல காலை மடக்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, சேணத்தில் தொங்கிய குடுவையைப் பார்த்தது.

"நான்தான்டா" என்றான். "போதுமா? குடு."

"சத்தமா. அவங்களுக்குக் கேக்கணும்."

"நான்தான்! வைலி டவுடியைச் சுட்டது நான்தான்! அந்தச் சனியன் புடிச்ச தையல் மிஷின். சுட்டு முடிச்சாச்சுன்னு கையை இறக்கினேன். குதிரை தடுக்குச்சு. விரல் இறுகிப்போச்சு. வேணும்னா பண்ணுவேன்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்னடா அப்புறம்?"

"நான் பாத்தேன். சொல்லு."

"என் மேகசினை அவன் பிஸ்டல்ல மாட்டினேன். மூடினேன். போதுமா? இருபது வருஷம்டா! ஒரு விரல் பண்ணின தப்புக்கு இருபது வருஷத்தையும் குடுக்கணுமா? உங்கண்ணன் எப்படியும் செத்துருப்பான்!"

"ரத்தத்தை அமுக்கியிருந்தா?"

அவன் இரண்டு கையாலும் தன் தொடையை அமுக்கிக்கொண்டான்.

அந்த நிமிஷம் லகானை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மேலே இருந்தவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பல்லெல்லாம் கூசியது. ஆனால் ஒன்று தோன்றியது. இங்கே செத்தால் இவன் வீரனாகச் செத்தவன். கேப்டன் தொப்பியைக் கழற்றுவார். எக்காளம் ஊதுவார்கள். டார்பியின் அங்கவடியில் இவன் பூட்ஸைத் திருப்பி மாட்டி நடத்துவார்கள், ஒருவேளை என்னையே நடத்தச் சொல்வார்கள். அந்த மரியாதையை நான் இவனுக்குக் கொடுக்க மாட்டேன். உயிரோடு இருக்கட்டும்.

டார்பியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹாகன் இறங்கி அவனைத் தூக்கிச் சேணத்தில் போட்டான். ஓடினோம்.

கேம்ப்பில் அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது கேப்டன் எதிரில் வந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். இப்போது சொல்லிவிடுவான், இந்தப் பையன் குதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டான் என்று. சொன்னால் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆளுங்க எப்படி நடந்துக்கிட்டாங்க சார்ஜென்ட்?" என்று கேட்டார் கேப்டன்.

"நல்லா நடந்துக்கிட்டாங்க சார். முக்கியமா இந்தச் சின்னப்பையன். கூப்பிட்டதும் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்திட்டான்."

கேப்டன் என் தோளைத் தட்டினார். கிரேகல் என்னைப் பார்த்துச் சிரித்தான். வலியிலும் சிரித்தான்.

எனக்கு அந்தச் சிரிப்பு புரிய சாயங்காலம் ஆயிற்று. லாயத்தில் டார்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹாகன் சேணத்திலிருந்த ரத்தத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். ராஃபர்ட்டி வந்து வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காலரைப் பிடித்தான்.

"பயலே, நான் இன்னிக்கு ஒண்ணும் கேக்கல. புரியுதா? குண்டுச் சத்தத்துல காது அடைச்சுப்போச்சு."

"நீ கேட்டே. எல்லாத்தையும் கேட்டே."

"கேட்டேன், கேக்கல. எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கு, நிம்மதியா முடிச்சுட்டுப் போயிருவேன். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அவன் மேஜைக்கு முன்னாலதான் நான் நிக்கணும். நீ போய்ச் சொன்னா அவன் இல்லைன்னுவான், நானும் இல்லைன்னுவேன்."

"அப்ப அவன் ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

ராஃபர்ட்டி சிரித்தான். "அது கூடவாடா தெரியல? எதிரி சுடும்போது குதிரையைக் குடுக்காம நின்னவனுக்கு என்ன தெரியுமா? கோர்ட் மார்ஷல். கேன்சஸ் ஜெயில்ல தாடி முளைச்சு, நரைச்சு, உதிர்ற வரைக்கும் கல்லு உடைக்கணும். உன்னை அங்க நிறுத்தினா முதல் கேள்வி என்ன கேப்பாங்க? ஏன்டா குடுக்கலன்னு கேப்பாங்க. என்னைக் கூப்பிட்டு பைபிள் மேல கையை வெக்கச் சொல்லுவாங்க. கர்த்தர் மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எங்கம்மா என்னைப் பெக்கல. அதனால கிரேகல் உன்னைக் காட்டிக் குடுக்கவே மாட்டான். நீயும் அவனைக் காட்டிக் குடுக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே வார்ல கோத்த குதிரைங்க. போ, சாப்பிடு, பீன்ஸ் ஆறிப்போகுது."

போய்விட்டான். நான் தேய்ப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்னைப் பயமுறுத்தி வாயை மூடத்தான் அதையெல்லாம் சொன்னான். ஆனால் அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு கதவு திறந்தது.

கிரேகல் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நாளைக் காலையில் அந்த முதல் சார்ஜென்ட் மேஜையில் உட்காரப்போகிறவர் இன்னொரு சார்ஜென்ட், ஓவிட். நல்ல மனிதர், கிரேகலுக்கு வேண்டாதவர். அவரிடம் போய், 'கிரேகல் என் அண்ணனைச் சுட்டான்' என்று சொன்னால், விசாரணை முடிந்துபோன விஷயம், போடா என்பார். ஆனால், 'நான் எதிரி முன்னால் குதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டேன்' என்று என் மேலேயே குற்றம் சொன்னால்? அதை அவரால் தள்ளிவிட முடியாது. யாராலும் முடியாது. என்னைப் பூட்டி வைப்பார்கள். விசாரிப்பார்கள். ராஃபர்ட்டி பைபிள் மேல் கை வைப்பான். ஹாகன் வைப்பான். கடைசியில் கிரேகலைக் கூப்பிட்டு, 'இந்தப் பையன் உன்னிடம் என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய்?' என்று கேட்பார்கள். அத்தனை அதிகாரிகள் முன்னால், அந்த மெழுகு போட்ட மீசையோடு, அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

அவன் வாயிலிருந்து அந்த வாக்கியம் இரண்டாவது முறை வர வேண்டுமென்றால் நான் கேன்சஸுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வழி. வேறு வழியை யோசித்துப் பார்த்தேன். படுத்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். பயமாக இருக்கிறது. ஜெயிலில் என்னைவிடப் பெரிய பெரிய ஆட்கள் இருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு பிள்ளை மண்ணுக்கடியில், இன்னொன்று கம்பிக்குப் பின்னால். இப்போதே எழுந்து லாயத்துக்குப் போய் டார்பி மேல் ஏறி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடினால் அவன் ஜெயித்துவிடுவான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து, நர்ஸ் கொடுக்கிற சூப்பைக் குடித்துக்கொண்டு, 'நல்ல பையன், பாவம், ஓடிட்டான்' என்பான். நான் கல் உடைக்கிறேன். அவன் அந்த மூன்று கோடு போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்று உடைக்கட்டும். தினமும் அவன் முகத்தைப் பார்க்கிறேன். அதற்கு எத்தனை வருஷமானாலும் சரி.

ஆனால் ஹாகன்? ராஃபர்ட்டி சத்தியத்துக்குப் பயப்படுவான். ஹாகன் எதற்குப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியாது. லாயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை அவன். அவனும் இல்லை என்று சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது.

இப்போதுதான் பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஹாகன் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். எவ்வளவு நேரமாக முழித்திருக்கிறானோ.

"தூங்கலையா?" என்றேன்.

"நீ தூங்க விட்டாத்தானே. கட்டில் பூரா ஆடுது."

"ஹாகன்..."

"தெரியும். ராஃபர்ட்டி சொன்னதைக் கேட்டுட்டுதான் இருந்தேன். உன் மூஞ்சியையும் பாத்தேன்." என் பக்கம் புரண்டு படுத்தான். "நானா போய் யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா, கேட்டது எல்லாத்தையும் சொல்லுவேன். ஒரு எழுத்து விடமாட்டேன். ஆனா என்னைக் கேக்கணும்."

நான் எழுந்து உட்கார்ந்து, ஓவிட்டை இப்போதே எழுப்பப் போகப் பூட்ஸைத் தேடி எடுத்தேன்.

"கேக்க வெக்கிறேன்" என்றேன்.